நாடாவில் உறங்கும் குரல்கள்

முன்னுரை



நம் நெல்லைச் சீமையில் வீட்டு அலமாரியின் மேல்தட்டைத் திறந்து பார்த்தால், பட்டுச் சேலைகளுக்கும் பழைய ஆல்பங்களுக்கும் இடையில் கறுப்பு நிற வீடியோ கேசட்டுகள் சில கட்டாயம் இருக்கும். ஒன்றில் பெற்றோரின் திருமணம், மற்றொன்றில் அண்ணனின் புதுநன்மை விழா, வேறொன்றில் ஊர்க் கோயில் சப்பரப் பவனி. அவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவிதான் இன்று பல வீடுகளில் இல்லை. “எல்லாம் கேசட்டில் பத்திரமாக இருக்கிறது” என்று பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்திரம் உண்மைதானா? அந்தக் காட்சிகளைக் கணினியில் ஏற்றி டிவிடியில் பதிவது எப்படி? இடையில் வரும் தடைகளை எவ்வாறு நீக்குவது? நம் பள்ளியின் பழைய நாடாக்களைக் கணினி அறையில் மாற்றியபோது நாங்கள் அறிந்தவற்றை யாவருக்கும் பயன்படும் வண்ணம் இங்கே எழுதுகிறோம்.

அவசரம் ஏன்?

வீடியோ நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசப்பட்ட காந்தத் துகள்களே. படமும் ஒலியும் அத்துகள்களின் காந்த நிலையாகப் பதிந்துள்ளன. துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரக் காற்றில் நாளடைவில் இளகும். ஆற்றங்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே கேசட்டைத் தொடாமல் பூட்டி வைத்தாலும் அது முதுமை அடைந்துகொண்டேதான் இருக்கிறது.

கருவிகளும் மறைந்து வருகின்றன. 1976ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். முறைக்குரிய இயக்கிகளை உலகில் இறுதியாகத் தயாரித்து வந்த நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அத்தொழிலை நிறுத்தியது. 1995இல் வந்த மினி டி.வி. நாடாவின் கதையும் அதுவே. (இங்கே டி.வி. என்பது தொலைக்காட்சியன்று, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்.) பழுதான இயக்கிக்கு உதிரி உறுப்புகள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது.

எல்லாவற்றிற்கும் மேலாக, நாம் தாமிரபரணியின் மக்கள். 1992 நவம்பரில் அந்த ஆறு கரை புரண்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாமே அறிவோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். வெள்ளம் வடிந்தபின் சேற்றிலிருந்து பாத்திரங்களைக் கழுவி எடுக்கலாம்; கட்டிலை வெயிலில் காய வைக்கலாம். சேறு புகுந்த கேசட்டில் இருக்கும் ஆச்சியின் குரலை எந்தக் கடையிலும் மறுபடி வாங்க முடியாது.

நம் பள்ளி அலமாரியிலும் அத்தகைய நாடா ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் கணிதம் கற்பித்து, பின்னர் இறைவனடி சேர்ந்த அருட்சகோதரி ஒருவர், தம் பணிநிறைவு விழாவில் மாணவியருக்கு அறிவுரை கூறும் காட்சி அதில் உண்டு. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அதனால்தான் எதையும் ஒருமுறைக்கு இருமுறை சோதித்த பின்பே அந்நாடாவைத் தொட்டோம்.

ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, நாடாவின் மேல் மறுபதிவு ஆகாதபடி காப்பிட வேண்டும். வி.எச்.எஸ். கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். மினி டி.வி. நாடாவில் உள்ள சிறு பொத்தானைக் காப்பு நிலைக்குத் தள்ள வேண்டும். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை யாரேனும் அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது.

இரண்டாவதாக, கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்ணிறத் தூளோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை இயக்கியில் போடவே கூடாது. பூஞ்சை இயக்கியின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல நாடாக்களையும் கெடுத்துவிடும். அதைத் தனியே ஓர் உறையில் வைத்து, இவ்வேலையில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே முறை.

மூன்றாவதாக, வெள்ளத்தில் நனைந்த கேசட்டை ஈரத்தோடு ஓட்டிப் பார்க்கக் கூடாது. வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தவும் கூடாது. வெப்பத்தில் பட்டை சுருங்கி வளையும். சேறு காய்ந்து இறுகுவதற்கு முன் தூய நீரில் அலசி, நிழலில் காற்றாட வைத்து, தேர்ந்தவரிடம் விரைவில் சேர்க்க வேண்டும்.

நான்காவதாக, நெடுநாள் உறங்கிய நல்ல கேசட்டை முதலில் இறுதிவரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்திற்குச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் சுருள்கள் பிரிந்து சீராகும். முக்கியமில்லாத ஒரு நாடாவை முதலில் ஓட்டி, இயக்கி நாடாவைக் கடிக்கிறதா என்று சோதிப்பதும் அறிவுடைமை.

குளிர்சாதன அறையிலிருந்து கேம்கார்டரை வெளியே எடுத்தவுடன் அது வேலை செய்ய மறுத்தால் திகைக்க வேண்டாம். குளிர்ந்த கருவியின் உள்ளே ஈரக் காற்று பனித்துளியாகப் படிகிறது. அதை உணரும் உறுப்பு, நாடா ஒட்டிக்கொள்ளாதபடி கருவியை நிறுத்திவிடுகிறது. நாடாவை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடி ஒரு மணி நேரம் வைத்திருந்தால் சரியாகிவிடும்.

இரண்டு வகை, இரண்டு வழி

வி.எச்.எஸ்., வீடியோ 8, ஹை 8 ஆகியவை அனலாக் வகை. இவற்றின் படம் தொடர் மின்னலையாக வெளிவருவதால், அதை எண்களாக மாற்றித் தரும் ஒரு சிறு கருவி தேவை. வீடியோ இயக்கியின் மஞ்சள் துளையிலிருந்து படமும், வெள்ளை, சிவப்புத் துளைகளிலிருந்து ஒலியும் அக்கருவிக்குள் சென்று, யு.எஸ்.பி. வழியே கணினியை அடைகின்றன.

மினி டி.வி., டிஜிட்டல் 8 நாடாக்களில் காட்சி ஏற்கெனவே எண்களாகவே உள்ளது. அதை மாற்ற வேண்டியதில்லை, படியெடுத்தால் போதும். அதற்கு உரியது ஃபயர்வயர் என்னும் 1394 இணைப்பு. பலர் இங்கேதான் இடறுகிறார்கள். கேம்கார்டரில் யு.எஸ்.பி. துளையும் இருப்பதால் அதில் கம்பியை மாட்டிவிட்டு, “படம் வரவில்லை” என்கிறார்கள். பல கேம்கார்டர்களில் அந்தத் துளை புகைப்படங்களுக்கும் தரம் குறைந்த காட்சிக்கும் மட்டுமே உரியது. முழுத்தரக் காட்சிக்கு ஃபயர்வயரே வழி. இக்காலக் கணினிகளில் அத்துளை இல்லாததால், மேசைக் கணினியில் அதற்கென ஓர் அட்டையைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கம்பியை மாட்டும்போது இரு கருவிகளும் அணைந்திருக்கட்டும். ஆறு முனைச் செருகியைத் தலைகீழாக அழுத்தினால் கேம்கார்டரே பழுதாகலாம்.

நோயும் மருந்தும்

மருத்துவர் நோயின் குறி கண்டு காரணம் தேடுவது போல, நாமும் தடையின் குறி கண்டு காரணம் தேட வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது முதல் விதி. நான்கை ஒருசேர மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

1. கணினி கேம்கார்டரைக் கண்டுகொள்ளவில்லை: கேம்கார்டர் படம்பிடிக்கும் நிலையில் இருக்கக் கூடாது, நாடாவை ஓட்டிக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். மின்கலத்தில் ஓட்டாமல் நேர் மின்சாரத்தில் ஓட்ட வேண்டும். கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் வராவிட்டால், ஃபயர்வயர் அட்டைக்குரிய மென்பொருளைப் பழைய வகைக்கு மாற்றினால் சில கணினிகளில் சரியாகிறது.

2. படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது அல்லது உருண்டோடுகிறது: இந்தியாவின் ஒளிபரப்பு முறை பால் எனப்படும். அதில் வினாடிக்கு 25 படங்கள். அமெரிக்காவின் முறை என்.டி.எஸ்.சி.; அதில் வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். மாற்றுக் கருவியின் மென்பொருள் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் இக்கோளாறு தோன்றும். பால் முறைக்கு மாற்றினால் நிறம் திரும்பும். அமெரிக்காவில் வாழும் உறவினர் அங்கே எடுத்து அனுப்பிய கேசட்டாயின் இதற்கு மாறாகச் செய்ய வேண்டும்.

3. படம் வருகிறது, ஒலி இல்லை: நம் அருட்சகோதரியின் நாடாவை ஓட்டியபோது முதலில் எதிர்ப்பட்டது இதுவே. அவர் உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. நாடாவில் ஒலியே அழிந்துவிட்டதோ என்று அஞ்சினோம். உடனே இயக்கியின் ஒலிக்கம்பியைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்டினோம். குரல் கணீரென்று கேட்டது! நாடா பிழைத்திருக்கிறது, குறை கணினிப் பக்கத்தில்தான் என்பது உறுதியாயிற்று. மென்பொருளில் ஒலி வரும் வழியாக மாற்றுக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் ஒலிவாங்கிக்கு அனுமதியும் தர வேண்டும். எங்கள் கணினியில் அந்த அனுமதி மூடப்பட்டிருந்தது. அதைத் திறந்தவுடன் கணினி அறையிலும் அக்குரல் ஒலித்தது. அவரிடம் பயின்ற ஆசிரியை ஒருவர் கண் கலங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

4. ஏறத்தாழ 19 நிமிடங்களில் பதிவு நின்றுவிடுகிறது: இதற்குக் கணக்கே விடை. மினி டி.வி. காட்சி வினாடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் இடம் கொள்ளும். ஹார்ட் டிஸ்க் எஃப்.ஏ.டி. 32 என்ற பழைய முறையில் அமைந்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. வகுத்துப் பாருங்கள்: 20 நிமிடம் நிறைவதற்குள் கோப்பு நிரம்பிவிடும். டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினால் இத்தடை இல்லை. மாற்றும்போது அதிலுள்ளவை அழியக்கூடுமாதலால் முன்னரே வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேர நாடாவுக்கு 13 ஜிகாபைட் காலி இடம் வேண்டும் என்பதையும் இதே கணக்கு காட்டும்.

5. படம் தாவித் தாவி ஓடுகிறது: நாடா நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கணினி ஒரு கணம் வேறு வேலையில் ஈடுபட்டால் அந்தக் கணத்துப் படங்கள் நழுவிவிடும். ஆற்றில் ஓடும் நீரைக் குடத்தில் பிடிப்பவள் திரும்பிப் பார்த்தால் ஓடிய நீர் ஓடியதுதானே! ஆகையால் பதிவு நடக்கும்போது இணையத்தைத் துண்டித்து, மற்ற நிரல்களை மூடி, கணினி உறங்கும் அமைப்பையும் நிறுத்திவைக்க வேண்டும். கோப்பைப் பென் டிரைவில் எழுதாமல் கணினியின் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் எழுத வேண்டும்.

6. உதடும் குரலும் பொருந்தவில்லை: இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். வித்தியாசம் தொடக்கம் முதல் ஒரே அளவாக உள்ளதா? போகப்போக வளர்கிறதா? ஒரே அளவானால் தொகுப்பு மென்பொருளில் ஒலியைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். வளர்ந்துகொண்டே போனால் படங்கள் நழுவியுள்ளன என்று பெரும்பாலும் கொள்ளலாம். மேலே ஐந்தாவதில் கூறியவற்றைச் சரிசெய்து மறுபடி பதிய வேண்டும். சில கேம்கார்டர்கள் ஒலியை வினாடிக்கு 32,000 மாதிரிகளாகப் பதிந்திருக்கும். டிவிடிக்கு 48,000 வேண்டும். தொகுக்கும்போதே இதை மாற்றிக்கொள்வது நலம்.

7. படத்தில் சதுரக் கட்டங்கள் அல்லது கோடுகள்: மினி டி.வி.யில் கட்டங்கள் தோன்றினால் கருவியின் தலைப்பகுதியில் அழுக்குப் படிந்திருக்கலாம். அதற்கென விற்கும் துப்புரவு நாடாவைச் சில வினாடிகள் மட்டும் ஓட்ட வேண்டும். அதிகம் ஓட்டினால் தலை தேயும். வி.எச்.எஸ். படத்தில் குறுக்குக் கோடுகள் ஓடினால் இயக்கியின் டிராக்கிங் பொத்தானை மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் தெளியும். வேகமாக அசையும் உருவத்தின் ஓரம் சீப்புப் பற்களைப் போல் தெரிந்தால் அது பழுதன்று. பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பகுதிகளாகப் பிடிக்கப்பட்டது. தொலைக்காட்சியில் பார்த்தால் அது மறையும்.

8. நாடாவின் நடுவில் பதிவு நின்றுபோகிறது: படம்பிடித்தவர் இடையில் வெற்றிடம் விட்டிருந்தால், நாடாவிலுள்ள நேரக் குறிப்பு அறுந்து, மென்பொருள் நாடா முடிந்தது என்று எண்ணிக்கொள்ளும். வெற்றிடத்தைக் கடந்து ஓட்டி, அங்கிருந்து புதிய கோப்பாகத் தொடங்க வேண்டும்.

டிவிடியில் பதிதல்

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். 13 ஜிகாபைட் காட்சியை அப்படியே அதில் அடைக்க முடியாது. எனவே எம்பெக் 2 என்னும் முறையில் சுருக்குகிறோம். எவ்வளவு நேரத்தை ஒரே வட்டில் அடைக்கிறோமோ அவ்வளவுக்குப் படம் மங்கும். 4.7 ஜிகாபைட்டை பிட்டுகளாக்கினால் 37,600 மெகாபிட். ஒரு மணி நேரத்திற்கு வினாடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கிடைக்கும். இரண்டு மணி நேரமானால் ஒலியையும் சேர்த்து 5 மெகாபிட் அளவே. மூன்று மணி நேரத் திருமணக் கேசட்டை ஒரே வட்டில் திணித்தால் முகங்கள் கலங்கித் தெரியும். அதை இரண்டு வட்டுகளாகப் பிரிப்பதே முறை.

“கணினியில் ஓடுகிறது, வீட்டு டிவிடி பிளேயரில் ஓடவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. கோப்பை வெறும் தகவல் வட்டாக எழுதியிருக்கலாம். வீடியோ டிவிடியாக எழுத வேண்டும். வட்டை நிறைவு செய்து மூடாமல் விட்டிருக்கலாம். ஃபைனலைஸ் என்னும் கட்டளையைத் தர வேண்டும். மிக வேகமாக எழுதியிருக்கலாம். நல்ல வட்டில் மிதமான வேகத்தில் எழுதினால் பிழைகள் குறையும். வட்டின் மேல் காகிதம் ஒட்டினால் சுழலும்போது நிலை தடுமாறும். அதற்கென உள்ள மெல்லிய முனைப் பேனாவால் விழாவின் பெயர், ஆண்டு, வட்டு எண் ஆகியவற்றை எழுத வேண்டும். இறுதியாக, வேறொரு பிளேயரில் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பார்க்காமல் பணி முடிந்தது என்று சொல்லக் கூடாது. பார்த்து முடித்த பின்பும் மூல நாடாவை எறிந்துவிட வேண்டாம்.

புன்னைக்காயல் தரும் பாடம்

டிவிடியும் என்றென்றைக்கும் இருப்பதன்று. எழுதும் வட்டின் சாயப்படலம் வெயிலிலும் ஈரத்திலும் கெடும். இக்கால மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு போடும் தட்டே இல்லை. ஆகவே டிவிடியோடு, சுருக்காத முழுக் கோப்பை ஹார்ட் டிஸ்க்கிலும் வைக்க வேண்டும். மொத்தம் மூன்று படிகள்; அவை இருவகைப் பொருள்களில்; ஒரு படியாவது வேறு ஊரில்! இதுவே அறிந்தோர் கூறும் விதி.

வேறு ஊரில் ஏன் என்று கேட்கலாம். பொதிகையில் பிறந்த நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் புன்னைக்காயல். அங்கு வாழ்ந்து தமிழ்த் தொண்டாற்றிய இயேசு சபைத் துறவி ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. புனிதர் வரலாறுகளைக் கூறும் அவருடைய பெருநூல் புன்னைக்காயலிலேயே 1586இல் அச்சாயிற்று என்று அறிஞர் கூறுவர். இன்று தம்பிரான் வணக்கத்தைக் காண அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்திற்கும், மற்றதைக் காண வத்திக்கான் நூலகத்திற்கும் செல்ல வேண்டியிருக்கிறது. அப்படிகள் கடல் கடந்து சென்றிராவிட்டால் அந்நூல்களின் உருவத்தையே நாம் அறிந்திருக்க மாட்டோம். நம் வீட்டுக் காட்சிகளின் ஒரு படியும் சென்னையிலோ மும்பையிலோ உள்ள மாமா வீட்டில் இருக்கட்டும். ஆறு இங்கே பெருகினாலும் ஆச்சியின் முகம் அங்கே பிழைத்திருக்கும்.

முடிவுரை

கறையான் அரிக்கும் முன் பழைய ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர் நம் முன்னோர். ஒளிநாடாவைக் கணினியில் ஏற்றுவதும் அத்தகைய பெயர்த்தெழுதும் பணியே. இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பொறுமையும், ஒழுங்காகச் சோதிக்கும் அறிவும் வேண்டும். காரணம் இன்றிக் காரியம் இல்லை என்று அறிவியல் வகுப்பில் கற்கிறோம். ஒலி வராத நாடாவின் முன் அமர்ந்து காரணத்தைத் தேடும்போதுதான் அப்பாடம் மனத்தில் நிற்கிறது.

தோழியரே! வரும் விடுமுறையில் அவரவர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கேசட்டுகளை எண்ணி, இன்ன விழா, இன்ன ஆண்டு என்று பட்டியல் எழுதுங்கள். திரையில் தோன்றும் முகங்களின் பெயர்களைத் தாத்தா, ஆச்சியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும். பெயர்களைச் சொல்லித் தரும் கருவி எந்தக் கடையிலும் இல்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழை வருமுன் ஒரு நாடாவையேனும் காப்பாற்றுவோமாக! இறைவன் நம் முயற்சிக்குத் துணை நிற்பாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி